எவ்வளவு என்பதற்கு முன்னால் எப்படிப்பட்டது



புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பதை நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்கிறோம். மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் உறவினர்கள் கேட்பது, "எத்தனை கரண்ட், எத்தனை நாளைக்கு?" என்று. நியாயமான கேள்விதான். மருத்துவரிடம் விடையும் இருக்கும்: நாளொன்றுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் என்பதுபோல. இன்று நான் பேச வந்திருப்பது அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியைப் பற்றி. நோயாளி அதைக் கேட்பதில்லை. மருத்துவமனையும் சில நேரம் கேட்க மறந்துவிடுகிறது. இந்த இயந்திரத்திலிருந்து இப்போது வெளியே வருவது எப்படிப்பட்ட கதிர்? எவ்வளவு ஆழம் போகும்? எங்கள் தொழிலில் இதைக் கற்றைத் தரம் என்போம்.

இந்தக் கேள்விக்கு விடை தேடிய முதல் கருவி மனிதனின் கைதான். 1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அப்போதைய குழாய்களில் கொஞ்சம் வாயு மிச்சமிருக்கும். குழாயைப் பயன்படுத்தப் பயன்படுத்த அந்த வாயு குறையும். குறையக் குறையக் கதிர் அதிகம் ஊடுருவும். நேற்று தோலோடு நின்ற கதிர் இன்று எலும்பையும் தாண்டும். ஆகவே நோயாளியை உட்கார வைக்குமுன் குழாயைச் சோதிக்க வேண்டியிருந்தது. மருத்துவரோ உதவியாளரோ தம் கையைக் குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவே நீட்டுவார். எலும்பு கறுப்பாகவும் சதை வெளிறியும் தெரிந்தால் மென்கதிர். எலும்பே மங்கலாகத் தெரிந்தால் வன்கதிர். நாளுக்குப் பல முறை, ஆண்டுக்கணக்காக இதைச் செய்தார்கள். எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி அப்படிக் குழாய்களைச் சோதித்தவர்களில் ஒருவர். கைகளை வெட்டி எடுத்தும் பிழைக்காமல் 1904-இல் இறந்தார். எடிசன் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் சங்க்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் 1936-இல் இப்படி இறந்தவர்களுக்காக ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அன்றைக்கு அதில் 169 பெயர்கள் இருந்தன. பின்னால் இன்னும் பல சேர்ந்தன. எத்தனை பேர் கற்றைத் தரம் பார்த்தே மாண்டார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது; பலர் அதைச் செய்தவர்கள் என்பது மட்டும் உறுதி.

கையை விட்டுவிட்டு உலோகத் தகட்டுக்கு வந்தது பெரிய முன்னேற்றம். 1902-இல் பிரான்சின் பெனுவா ஒரு சிறு கருவி செய்தார். நடுவில் மெல்லிய வெள்ளித் தகடு. சுற்றிலும் 1 மில்லிமீட்டரிலிருந்து 12 வரை படிப்படியாகத் தடிக்கும் அலுமினியம். வெள்ளியின் நிழலோடு எந்தப் படியின் நிழல் ஒத்துப்போகிறதோ அந்த எண்தான் கதிரின் தரம். அடுத்த பத்தாண்டில் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டன், கதிரைப் பாதியாக்க எவ்வளவு தடிமன் தேவை என்று கேட்டார். இந்தப் பாதியாக்கும் தடிமனைத்தான் கிலோவோல்ட் எக்ஸ் கதிர்களுக்கு இன்றுவரை தர அளவாக வைத்திருக்கிறோம். கேள்வியின் வடிவத்தைக் கவனியுங்கள். கதிருக்குள் என்னென்ன ஆற்றல் எவ்வளவு விகிதத்தில் கலந்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. ஒரு பொருளுக்குள் போனால் எவ்வளவு மிஞ்சுகிறது என்றுதான் கேட்டார். நூறு ஆண்டுகளாக நாங்களும் அந்த வழியிலேயே போகிறோம். மருத்துவமனைக் கற்றையின் நிறமாலையை நேரடியாக அளப்பது பெரும்பாடு. தண்ணீருக்குள் அது எப்படிக் குறைகிறது என்பதை அளக்க ஒரு தொட்டி போதும்.

இன்றைய இயந்திரத்துக்கு வருவோம். லினாக் என்கிற நேரியல் முடுக்கி எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகே ஓட்டி டங்ஸ்டன் இலக்கில் மோத வைக்கிறது. மோதலில் எக்ஸ் கதிர் பிறக்கிறது. இயந்திரத்தின் மேல் 6 எம்வி (மெகாவோல்ட்) என்றோ 15 எம்வி என்றோ எழுதியிருப்பார்கள். அந்த எண்ணைப் பெயர் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. இரண்டு நிறுவனங்களின் 6 எம்வி கற்றைகள் ஒன்றுபோல இருப்பதில்லை. இலக்கின் தடிமன், நடுவில் வரும் சமன்செய் வடிகட்டி, எலக்ட்ரான்களை வளைக்கும் காந்தம் என ஒவ்வொன்றும் கற்றையின் குணத்தைக் கொஞ்சம் மாற்றும்.

டோஸ் அளக்கும் கருவி மிக எளியது. அயனிக்கலம் என்று நூல்கள் சொல்லும். நாங்கள் சேம்பர் என்போம். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஃபிராங்க் ஃபார்மர் 1955-இல் வடிவமைத்தது இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரிலேயே புழங்குகிறது. விரல் நுனியளவு குழல், அதற்குள் 0.6 கன சென்டிமீட்டர் காற்று, நடுவே ஒரு கம்பி. கதிர் பட்டதும் காற்றில் அயனிகள் பிரியும். 300 அல்லது 400 வோல்ட் கொடுத்து அந்த மின்னூட்டத்தைச் சேகரிக்கிறோம். ஒரு கிரே டோஸுக்குச் சுமார் 20 நேனோ கூலும் கிடைக்கும்.

நமக்கு வேண்டியதோ காற்றில் விழுந்த ஆற்றல் அல்ல, தண்ணீரில் விழுந்த ஆற்றல். மனித உடலின் மென்திசுவுக்கு நெருங்கிய பொருள் தண்ணீர்தான். ஒரு கிலோ தண்ணீரில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் ஒரு கிரே. கேட்கப் பெரிதாக இருக்கும். தண்ணீரின் வெப்பநிலை அதனால் உயர்வது ஒரு டிகிரியின் நான்காயிரத்தில் ஒரு பங்குதான். அந்த உயர்வையும் நேரடியாக அளக்கிறார்கள். ஜெர்மனி, கனடா போன்ற நாடுகளின் தேசிய அளவை ஆய்வகங்களில், தண்ணீரை 4 டிகிரியில் வைத்து, நீரோட்டம் எழாமல் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை அது. மருத்துவமனையில் அது நடக்காது. ஆகவே காற்றில் அளந்து தண்ணீருக்குக் கணக்கிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

படியால் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி நெல்லும் ஒரு படி அரிசியும் படிக்கு ஒன்றுதான், தராசுக்கு வேறு. படிக்குள் இருப்பது எது என்று தெரிந்தால்தான் எடை சொல்ல முடியும். சேம்பரும் அப்படியே. அது எண்ணுவது அயனிகளை. அந்த எண்ணிக்கையை டோஸாக மாற்றும் காரணி கதிரின் தரத்தைப் பொறுத்து மாறுகிறது. ஏன் மாறுகிறது என்பது அழகான இயற்பியல். வேகமாகப் போகும் எலக்ட்ரான் தன் மின்புலத்தால் வழியிலுள்ள அணுக்களைத் தொந்தரவு செய்து ஆற்றலை இழக்கிறது. தண்ணீரில் மூலக்கூறுகள் நெருக்கமாக இருப்பதால், அருகிலுள்ளவை அந்தப் புலத்துக்கு எதிராகத் திரும்பித் தூரத்திலுள்ளவற்றுக்குத் திரை போட்டுவிடுகின்றன. காற்றில் அந்தத் திரை இல்லை என்றே சொல்லலாம். ஆற்றல் கூடக் கூட இந்த வேறுபாடு கூடும். விளைவு: ஒரே எலக்ட்ரான் தண்ணீரில் இழப்பதற்கும் காற்றில் இழப்பதற்கும் உள்ள விகிதம் கோபால்ட்-60 கதிரில் 1.133 என்றால், 18 எம்வியை நெருங்கும்போது 1.10-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. கதிரின் தரம் தெரியாமல் இந்த விகிதத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

கோபால்ட்டை ஏன் இழுக்கிறேன் என்றால், அளவைச் சங்கிலியின் தொடக்கம் அதுதான். கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிருக்கு 1.17, 1.33 என்று இரண்டே ஆற்றல்கள், மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில். இயற்கை நிர்ணயித்தது. மின்சாரம் குறைந்தாலும் காந்தம் பழுதானாலும் மாறாது. எந்த நாட்டு ஆய்வகத்திலும் அதே கதிர். தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் சேம்பர்கள் மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அளவை ஆய்வகத்தோடு ஒப்பிட்டு அளவுத்திருத்தம் பெறுகின்றன. அந்த மையத்தின் அளவுகள் பாரிசுக்கு அருகே செவ்ரில் உள்ள பன்னாட்டு எடை அளவைப் பணியகத்தோடு கோர்க்கப்பட்டவை. சான்றிதழில் ஒரு எண் வரும். அது கோபால்ட் கதிருக்கான எண். அதை உங்கள் லினாக்குக்குப் பொருத்த இன்னொரு எண்ணால் பெருக்க வேண்டும். அதன் பெயர் கே-கியூ. கோபால்ட்டில் அது சரியாக 1. ஃபார்மர் வகைச் சேம்பருக்கு 6 எம்வியில் 0.99-ஐ ஒட்டியும், 18 எம்வியில் 0.97-ஐ ஒட்டியும் இருக்கும். பன்னாட்டு அணுசக்தி முகமை 2000-இல் வெளியிட்டு, 2024-இல் திருத்திய டிஆர்எஸ் 398 என்ற கையேட்டில் ஒவ்வொரு சேம்பருக்கும் இதற்கான அட்டவணை உண்டு. அட்டவணைக்குள் நுழையத் திறவுகோல் வேண்டும். கற்றைத் தரம்தான் அந்தத் திறவுகோல்.

அதை அளக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது.

30 செ.மீ. நீள அகல உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் முதலில் தோற்பது இங்கேதான். சேம்பரைக் கதிர் மூலத்திலிருந்து சரியாக 100 செ.மீ. தூரத்தில் வைக்கிறோம். சேம்பர் இருக்கும் இடத்தில் கற்றையின் அளவு 10க்கு 10 செ.மீ. இனி சேம்பரைத் தொடக்கூடாது. தண்ணீர் மட்டத்தை மட்டும் மாற்ற வேண்டும். சேம்பருக்கு மேலே 10 செ.மீ. தண்ணீர் நிற்கும்போது ஒரு அளவு. 20 செ.மீ. நிற்கும்போது இன்னொரு அளவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது டிபிஆர் 20,10. எடுத்துக்காட்டுக்கு 10 செ.மீ. ஆழத்தில் 15.00 நேனோ கூலும், 20-இல் 10.05 என்றால் விகிதம் 0.67. அது 6 எம்வி கற்றைக்குரிய எண். கோபால்ட்டில் 0.57-ஐ ஒட்டி வரும். 10 எம்விக்கு 0.73 அல்லது 0.74. 15-க்கு 0.76. 18-க்கு 0.78 வாக்கில்.

இந்த விகிதத்தின் அழகு அது எதையெல்லாம் கேட்கவில்லை என்பதில் இருக்கிறது. சேம்பரின் சான்றிதழ் எண் மேலும் கீழும் இருப்பதால் அடிபட்டுப் போகும். காற்றழுத்தமும் வெப்பநிலையும் அப்படியே அடிபடும். இது லேசான சலுகை அல்ல. சேம்பருக்குள் இருப்பது வெளிக்காற்று. அழுத்தம் குறைந்தால் காற்று குறையும், அயனிகளும் குறையும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே உண்மையான காற்றழுத்தம் சுமார் 91 கிலோ பாஸ்கல். வானிலைச் செய்தியில் வருவதோ கடல்மட்டத்துக்கு மாற்றிய 101 சொச்சம். செய்தியைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் டோஸைப் பத்து சதவீதம் குறைத்து அளப்பார். பிறகு இயந்திரத்தை அந்தப் பத்து சதவீதம் உயர்த்தி வைப்பார். நோயாளிக்கு மிகையாகப் போகும். பாடப்புத்தகங்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் பொறி இது. டிபிஆர் அளப்பவரை இந்தப் பொறி தொடவே தொடாது. சேம்பர் வைத்த தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகு இருந்தாலும் இரண்டு அளவிலும் அதே பிசகு என்பதால் பெரும்பாலும் கழிந்துவிடும். கவனம் தேவைப்படுவது ஒன்றில்தான்: தண்ணீரின் ஆழம்.

இன்னொரு நன்மையும் உண்டு. லினாக்கின் தலைப்பகுதியிலிருந்து எக்ஸ் கதிரோடு சில்லறை எலக்ட்ரான்களும் சிதறி வரும். அவை தண்ணீரின் மேல்பகுதியில் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். பத்து, இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

தரத்தை இந்த விகிதத்தால்தான் பார்க்க வேண்டுமா என்பதில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த ரோஜர்ஸும் கொசுனெனும் 1993-இல் ஒரு மாற்று வழி சொன்னார்கள். தண்ணீர்ப் பரப்பை 100 செ.மீ. தூரத்தில் நிறுத்தி, உச்ச டோஸோடு ஒப்பிட்டால் 10 செ.மீ. ஆழத்தில் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். அந்த எண்ணுக்கும் தண்ணீர், காற்று விகிதத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக அமைகிறது என்றார்கள். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 1999-இல் டிஜி 51 நெறிமுறையில் அதையே ஏற்றது. ஆனால் உச்ச டோஸ் இருக்கும் இடத்தில்தான் அந்தச் சில்லறை எலக்ட்ரான்கள் மேய்கின்றன. அதற்கு அவர்கள் கண்ட வழி வேடிக்கையானது: 10 எம்வி, அதற்கு மேற்பட்ட கற்றைகளில் 1 மில்லிமீட்டர் ஈயத் தகட்டைக் குறுக்கே வை. எவ்வளவு என்று தெரியாத எலக்ட்ரான்களை ஈயம் விழுங்கும். அதுவே எவ்வளவு என்று கணக்கிட முடிந்த எலக்ட்ரான்களைக் கொடுக்கும். தெரியாத அழுக்கைத் தெரிந்த அழுக்கால் மாற்றிக்கொள்வது. முகமையில் இருந்த ஆந்த்ரேயோ இதை ஏற்கவில்லை. 2000-இல் நீண்ட கட்டுரை எழுதினார். ஆய்விதழ்களில் காரசாரமாகவே விவாதித்தார்கள். கடைசியில் மருத்துவமனைக் கற்றைகளில் இரண்டு வழியும் தரும் டோஸ் வேறுபாடு மிகச் சிறியது என்று தெரிந்தது. என் தீர்ப்பு கேட்டால், விகிதத்தின் பக்கம்தான். ஈயத் தகட்டை எடுக்க மறந்துவிட்டு அடுத்த அளவுக்குப் போகும் அபாயம் அதில் இல்லை.

இவ்வளவு கேட்டபின் கூர்மையான ஒருவர் ஒரு கேள்வி எழுப்பலாம். கே-கியூ 1-இலிருந்து 0.97 வரைதானே நகர்கிறது? டிபிஆர் 0.01 தவறாக இருந்தால் டோஸில் என்ன ஆகிவிடும்? அரை சதவீதம்கூட ஆகாது. உண்மை. சிகிச்சையில் 5 சதவீதத்துக்குள் டோஸ் சரியாக இருக்க வேண்டும் என்பது 1976 முதல் பன்னாட்டு அளவில் வைத்திருக்கும் இலக்கு. அதில் அரை சதவீதம் சிறு பங்குதான். கற்றைத் தரத்தைச் சூத்திரத்தில் ஒரு பெருக்கும் எண்ணாக மட்டும் பார்த்தால் அது சில்லறைக் காரியமாகத் தோன்றும். பல இடங்களில் அப்படித்தான் நடத்தப்படுகிறது. இயந்திரம் வாங்கிய அன்று அளந்த எண்ணை ஆண்டுதோறும் படிவத்தில் நகலெடுத்து எழுதிக்கொண்டிருப்பார்கள். நான் மறுக்க வந்தது இந்த மனப்பான்மையைத்தான். அந்த எண்ணின் பெரிய வேலை கே-கியூவைத் தேடித் தருவது அல்ல. நான் நினைக்கிற கற்றைதானா வெளியே வருகிறது என்று சாட்சி சொல்வது. அந்தச் சாட்சியைக் கூப்பிடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்பெயினில் ஒரு பதிவு இருக்கிறது.

1990 டிசம்பர். ஸாரகோஸா நகரின் பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே ஒரு பழைய லினாக் பழுதாகி நின்றது. பழுது பார்க்கும் தொழில்நுட்பர் வந்தார், சரி செய்தார், போய்விட்டார். கற்றை வருகிறது, எல்லோருக்கும் நிம்மதி. பழுது பார்த்த செய்தி இயற்பியல் பிரிவுக்குப் போகவில்லை. டிசம்பர் 10-ஆம் நாள் சிகிச்சை மறுபடி தொடங்கியது. அந்த இயந்திரத்தில் எலக்ட்ரான் கற்றையும் உண்டு. தோலுக்குச் சற்றுக் கீழே உள்ள கட்டிகளுக்குக் குறைந்த ஆற்றல், ஆழமானவற்றுக்கு அதிகம் என்று விசையைத் திருப்பித் தேர்ந்தெடுப்பார்கள். இப்போது எந்த ஆற்றலைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டுப்பாட்டு மேசையின் முள் 36 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டையே காட்டியது. முள் மாட்டிக்கொண்டது என்று நினைத்தார்கள். மனித இயல்பு அது. விசை 7 என்கிறது, முள் 36 என்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்றால், நாம் திருப்பிய விசையையே நம்புவோம். முள் சொன்னதுதான் உண்மை. எந்த விசையைத் திருப்பினாலும் எலக்ட்ரான்கள் 36-இலேயே வந்துகொண்டிருந்தன. அதோடு, கற்றையைப் பரப்பும் காந்தங்கள் தேர்ந்தெடுத்த குறைந்த ஆற்றலுக்கு ஏற்ற மின்னோட்டத்தில்தான் இருந்தன. 36-இல் பாயும் எலக்ட்ரான்களை அவற்றால் போதிய அளவு விரிக்க முடியவில்லை. விரிய வேண்டிய கற்றை நடுவில் குவிந்தது. டோஸ் பல மடங்கு ஏறியது. ஆழமும் ஏறியது. டிசம்பர் 20 வரை இப்படியே நடந்தது. 27 பேர் அந்தக் கற்றையின் கீழ் படுத்தார்கள். அவர்களில் குறைந்தது 15 பேர் அதனாலேயே இறந்தார்கள்.

எலக்ட்ரான் கற்றைக்குத் தர அளவு ஆர்-50. தண்ணீரில் டோஸ் பாதியாகும் ஆழம். கிறிஸ்டன் கேட்ட கேள்வியே வேறு உடையில். சராசரி ஆற்றலை 2.33-ஆல் வகுத்தால் ஏறத்தாழ அந்த ஆழம் சென்டிமீட்டரில் வரும். 7-க்கு 3 செ.மீ., 36-க்கு 15 செ.மீ.யை ஒட்டி. இரண்டையும் குழப்பிக்கொள்ள யாராலும் முடியாது. தண்ணீர்த் தொட்டிகூட வேண்டாம். திசுவுக்கு நிகரான பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, 5 செ.மீ. ஆழத்தில் ஒரு சேம்பரைச் செருகியிருந்தால் போதும். 7-இல் அங்கே ஏறத்தாழ ஒன்றுமே இருக்கக் கூடாது. கால் மணி நேர வேலை.

ஸாரகோஸாவுக்கு நேர் எதிரான சம்பவம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் நடந்தது. அங்கே கோபால்ட் இயந்திரம். தரம் மாறவே மாறாது. அளவு மட்டும் கோபால்ட் சிதையச் சிதைய மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் குறையும். அதைத் தவறாக வரைந்த ஒரு வரைபடத்தை நம்பி 1974 முதல் 1976 வரை, 22 மாதங்கள், ஒரு முறைகூட நேரடியாக அளக்காமல் சிகிச்சை கொடுத்தார்கள். உண்மையில் குறைந்ததைவிட வேகமாகக் குறைகிறது என்று வரைபடம் சொன்னது. அதை ஈடுகட்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 426 நோயாளிகளுக்கு மிகை டோஸ் போனது. ஒரு ஊரில் அளவை அளக்கவில்லை. இன்னொரு ஊரில் தரத்தை அளக்கவில்லை. இரண்டு இடத்திலும் காகிதத்திலும் விசையிலும் இருந்த எண்ணை நம்பினார்கள்.

சாட்சிக்கும் எல்லை உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆழத்தை வைத்துத் தரம் பார்ப்பது பெரிய மாற்றங்களை உடனே காட்டும். சிறிய மாற்றங்களை அவ்வளவு கூர்மையாகக் காட்டாது. 6 எம்வி கற்றையின் ஆற்றல் சில சதவீதம் நகர்ந்தால் டிபிஆர் மெல்லத்தான் அசையும். அதைவிடக் கற்றையின் ஓரங்கள் முன்னால் காட்டிக்கொடுக்கும். சமன்செய் வடிகட்டி ஒரு குறிப்பிட்ட ஆற்றலுக்காகச் செதுக்கியது என்பதால், ஆற்றல் நகர்ந்ததும் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள சமநிலை குலையும். ஆகவே நல்ல இயற்பியலாளர் இரண்டையும் பார்ப்பார். அதே அமெரிக்கச் சங்கத்திடமிருந்து 2009-இல் வந்த டிஜி 142 அறிக்கை, ஆண்டுச் சோதனையில் எக்ஸ் கதிரின் தரம் தொடக்க மதிப்பிலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் நகரக் கூடாது என்கிறது. தொடக்க மதிப்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். அது நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இருக்கும் எண் அல்ல. உங்கள் தொட்டியில், உங்கள் சேம்பரில், இயந்திரத்தை ஏற்றுக்கொண்ட நாளில் நீங்கள் அளந்தது.

இப்போது அந்த வடிகட்டியையே எடுத்துவிட்ட இயந்திரங்கள் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. சிகிச்சை சில நிமிடங்களில் முடிகிறது, நோயாளிக்கு நல்லது. வடிகட்டி இல்லாததால் மென்கதிர்கள் வடிபடாமல் வருகின்றன. அதே 6 எம்வி பெயர், டிபிஆர் 0.63-ஐ ஒட்டி. பெயரை நம்பாதீர்கள் என்று முன்பே சொன்னேன். மூளைக் கட்டிகளுக்கான மிகச் சிறு கற்றைகளில் வேறு தொல்லை: சில மில்லிமீட்டர் அகலக் கற்றையைவிடச் சேம்பரே பெரிதாகிவிடும். பிரான்சின் துலூஸில் 2006 ஏப்ரல் முதல் ஓராண்டு, பொருத்தமில்லாத பெரிய சேம்பரால் அளந்த எண்களை நம்பி 145 பேருக்கு மிகை டோஸ் கொடுக்கப்பட்டது. சிறு கற்றைகளுக்கான தனி நெறிமுறை 2017-இல் டிஆர்எஸ் 483 என்ற பெயரில் வந்தது. புரோட்டான் சிகிச்சையில் கேள்வியே திரும்பிவிடுகிறது. புரோட்டான் இனி எவ்வளவு தூரம் போகும் என்ற எஞ்சிய தூரம்தான் அங்கே தரம். சென்னை தரமணியில் 2019 முதல் இயங்கும் புரோட்டான் மையத்துக்கும் அதுவே அளவுகோல்.

வெளியிலிருந்து ஒரு கண் பார்ப்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 1969 முதல் பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் லித்தியம் ஃபுளோரைடு தூள் அடைத்த சின்னக் குப்பிகளைத் தபாலில் அனுப்பி வந்தன. 2017 முதல் அதற்குப் பதிலாகக் கண்ணாடித் துண்டுகள். மருத்துவமனை தான் கொடுத்ததாகச் சொல்லும் டோஸை எழுதித் திருப்பி அனுப்பும். அங்கே அளந்து பார்ப்பார்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கடிதம் வரும். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இதே முறையில் தணிக்கை நடத்துகிறது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் தபால் வருவது எப்போதாவது. இயந்திரம் பழுதாவது அதன் இஷ்டப்படி. ஸாரகோஸாவில் எல்லாம் நடந்து முடிய பத்து நாள்தான் ஆனது.

மருத்துவமனையை நடத்துகிறவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். லினாக் நின்றால் வராந்தாவில் கூட்டம் சேரும், தொலைபேசி ஓயாது, பொறியாளர் "ரெடி" என்றதும் அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பத் தோன்றும். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் பொறுங்கள். மேக்னட்ரானோ, இலக்கோ, வளைகாந்தமோ, அதன் மின்வழங்கியோ, எதைத் தொட்டிருந்தாலும் இயந்திரத்தை முதலில் இயற்பியலாளரிடம் ஒப்படையுங்கள். அவர் கற்றைத் தரத்தையும் அளவையும் அளந்து கையெழுத்துப் போடாமல் யாரையும் படுக்க வைக்காதீர்கள். இதை வாய்மொழி வழக்கமாக விட்டுவிடாமல், உங்கள் மருத்துவமனையின் எழுத்துப்பூர்வ விதியாக இந்த மாதமே ஆக்குங்கள்.